நாலாம் நம்பர் மாப்பிள்ளை

செப்டம்பர் 24, புதன்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: தூத்துக்குடி உப்பு சுத்திகரிப்பு ஆலை ஒன்றில், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மூன்று மாதமாக வயர் சுருட்டிக்கொண்டிருந்த பயிற்சியாளர் ரெமிஜியுஸ், வயது பதினெட்டு, மீசை விண்ணப்ப நிலையில், இன்று காலை ஒன்பதே காலுக்கு ஒரு ரெக்சின் அட்டையும் அதில் செருகிய பேனாவும் வழங்கப்பட்டுக் கௌரவிக்கப்பட்டார். பேனா எழுதவில்லை. ஆயினும் விழா இனிதே நிறைவுற்றது.

அதாவது, ஆறு கன்வேயர் பெல்ட்டுகளின் மோட்டார்களையும் தினம் சோதித்துத் தாளில் எழுதும் வேலை இனி என்னுடையது. தந்தவர் எங்கள் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர் திரவியம் சார். பெயரில்தான் திரவம், ஆள் முழுத் திடம். சிரித்து யாரும் பார்த்ததில்லை. மோட்டார் எதுவும் சொல்லாமல் சாகாது என்றார். சாவதற்கு முன்னால் சூடாகும், சத்தம் போடும், கூடுதலாகக் கரண்ட் இழுக்கும். கேட்க ஓர் ஆள் இருந்தால் போதுமாம்.

அந்த ஆள் நான். மோட்டார் நலத்துறை அமைச்சர். கூடுதல் பொறுப்பு: கிரீஸ் நாட்டுத் தூதர்.

செப்டம்பர் 26, வெள்ளி

அமைச்சகத்தின் பணிகள் வருமாறு. இங்கே காற்றிலேயே உப்பு. அது மோட்டார் உடம்பின் வரிப்பள்ளங்களில் அப்பி இறுகிவிட்டால் சூடு வெளியே போக வழியில்லை. அதைச் சுரண்ட வேண்டும். மோட்டாரின் பின்பக்கம் துளை போட்ட மூடிக்குள் ஒரு சின்ன விசிறி உண்டு. மோட்டார் சுற்றும்போது அதுவும் சுற்றி, வெளிக் காற்றை இழுத்து உடம்பு முழுக்க அடிக்கும். அந்தக் காற்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கரண்ட், சத்தம், சூடு.

சூடு பார்க்கத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி தந்திருக்கிறார்கள். விசையை அழுத்தினால் சிவப்புப் புள்ளி விழும், எண் வரும். இன்றைய அளவீடுகள்: கேன்டீன் டீ 71. திரவியம் சாரின் வழுக்கை, தூரத்திலிருந்து, 34. மோட்டார்கள் 58, உத்தேசமாக.

உத்தேசம் ஏனென்றால் ஆறு பெல்ட்டுகளுக்கும் நடந்தால் முட்டி கழன்றுவிடும். நாற்காலியில் உட்கார்ந்தே 58, 57, 59 என்று நிரப்பினேன். எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும். கலைஞனுக்குத் தெரியும். சார் நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நாலாம் நம்பர் பெல்ட்டுக்கு மட்டும் போனேன். கழுவிய ஈர உப்பை டிரையருக்கு மேலே ஏற்றும் பெல்ட் அது. அங்கே ஆபரேட்டர் மாரிக்கனி அக்கா இருக்கிறார், அவரிடம் பொரிகடலை இருக்கிறது. பதினோரு வருஷமாக ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறார். இந்தத் தீபாவளிக்கு முன்னால் வரப்போகும் நிரந்தரப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. அதை டீக்கடைக்காரர் வரை எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலப் புறங்கையை மோட்டாரில் வைத்துப் பார்க்கிறார். நனைந்த கைக்குட்டையை அதன் காற்றில்தான் காயவைக்கிறார். துப்பாக்கி வந்த பிறகு கை எதற்கு என்று கேட்டேன். துப்பாக்கியைப் பிடிக்கவும் கைதானே வேண்டும் என்றார்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

வரலாற்றுச் சிறப்புமிக்க திருமணம்.

எல்லா மோட்டார்களையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். எனக்கு அது போதவில்லை. நாலாம் நம்பர் மோட்டாரை மாப்பிள்ளை ஆக்கினேன். பின்பக்கத்து விசிறி மூடி நல்ல வட்டம், முகத்துக்கென்றே செய்தது. அதன் மேல் தங்க நிறப் பரிசுத்தாளை இழுத்துச் சுற்றிலும் டேப் போட்டு ஒட்டினேன். சோடா மூடியில் கண்கள். கறுப்பு டேப்பில் மீசை, திரவியம் சாரின் அதே முறுக்கு. என் பழைய துண்டில் தலைப்பாகை. கழுத்தில் சாமந்தி மாலை. பக்கத்தில் இருக்கும் கியர்பாக்ஸ்தான் மணப்பெண், தலையில் மல்லிகை.

"வாழ்க்கை பூரா நீ சுத்துவ, அவ உன் வேகத்தைக் கொறைப்பா. குடும்பம்னா அதான்" என்று ஆசீர்வாதம் செய்தேன். பேக்கிங் பிரிவுப் பெண்கள் சிரித்து உட்கார்ந்துவிட்டார்கள். மாரிக்கனி அக்காதான் மாப்பிள்ளைக்குக் குங்குமம் வைத்தார். மேனேஜர் போட்டோ எடுத்தார். திரவியம் சார் அந்த மீசையைப் பார்த்தார், தன் மீசையைத் தடவினார், போய்விட்டார். அவர் வரையில் அது ஓர் அட்டகாசச் சிரிப்பு.

இந்த ஆலையின் சரித்திரத்தில் இப்படி ஒரு பூஜை நடந்ததில்லை. நான் சொல்லவில்லை, எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அக்டோபர் 3, வெள்ளி

இரண்டு நாள் விடுமுறை முடிந்து ஆலை ஓட ஆரம்பித்தது. மாலை பெல்ட்டில் சிக்கும் என்று கழற்றினேன். துண்டையும் எடுத்துக்கொண்டேன், அம்மா தேடினாள். முகத்தை மட்டும் விட்டுவைத்தேன். பார்க்க வருகிறவர்களை ஏமாற்றக் கூடாது.

பச்சை பட்டனை அழுத்தியதும் ஓர் அதிசயம். மாப்பிள்ளையின் தங்கக் கன்னம் இரண்டும் சட்டென்று உள்ளே ஒட்டிக்கொண்டன. வெட்கப்படுகிறான் என்றேன். அக்கா சிரித்தார். கைக்குட்டையைக் காயவைக்கப் போனவர் திரும்பி வந்து, "மாப்பிள்ளைகிட்ட காத்தே வரலியே தம்பி" என்றார். புதுப்பெண் பக்கத்தில் இருக்கும்போது ஊராருக்கு எதற்குக் காற்று என்றேன்.

சொன்ன மாத்திரத்தில் வந்த பதில் அது. யோசித்துச் சொன்னதில்லை.

அக்டோபர் 6, திங்கள்

மழை வருகிறது என்று வானிலைக்காரர்கள் மிரட்ட, வெளியே கிடக்கும் உப்புக் குவியலை எல்லாம் உள்ளே ஏற்றச் சொல்லி மேனேஜர் உத்தரவு. பெல்ட் தாங்காத அளவுக்கு ஈர உப்பு. நாலாம் நம்பர் காலையில் மட்டும் மூன்று தடவை டிரிப் ஆனது. மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் பேனலில் இருக்கும் ரிலே தானாக நிறுத்திவிடும். ஒவ்வொரு தடவையும் அக்கா பெல்ட்டில் இருப்பதை இறக்க, லாரிக்காரர்கள் கத்த, மேனேஜர் என்னைத் தேட, ஒரே கூத்து.

எவ்வளவு கரண்டில் நிறுத்த வேண்டும் என்று வைக்க, ரிலேயில் ஒரு குட்டித் திருகுவட்டம் உண்டு. அது ஏழரையில் இருந்தது. ஏழரை பிடித்த மோட்டார் எப்படி உருப்படும்? பத்துக்குத் திருப்பினேன். சனி விலகியது. சாயங்காலம் வரை ஒரு டிரிப் இல்லை.

மேனேஜர் முதுகில் தட்டினார். எப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, பேசிப் பார்த்தேன் சார் என்றேன். டிரையர் பக்கத்துக் கரும்பலகையில் ஒரு மூலையை எனக்கென்று எடுத்துக்கொண்டேன். டிரிப் இல்லாத நாட்கள்: 1.

அக்டோபர் 8, புதன்

டிரிப் இல்லாத நாட்கள்: 3. மற்றவர்களின் மோட்டார்கள் டிரிப் போகும். என்னுடையவை வீட்டோடு இருக்கும் பிள்ளைகள்.

அக்கா சொன்னார், மாப்பிள்ளை மேல் இரண்டு விநாடி கூடக் கை வைக்க முடியவில்லையாம், வழக்கமான சூடு இல்லையாம், துப்பாக்கி எடுத்துவந்து ஒரு தடவை பாரேன் என்றார். கல்யாணச் சூடு, ஒரு வாரத்தில் தணியும் என்றேன். துப்பாக்கி கேன்டீனில் இருந்தது. தாளில் 58 என்று எழுதினேன். ஏற்கெனவே எழுதியிருந்தேன், சரியாகச் சொன்னால்.

அக்டோபர் 9, வியாழன்

4. பேனாவும் இன்றைக்கு எழுதுகிறது.

அக்டோபர் 11, சனி

பலகையில் 5 என்று இருந்தது. பதினொன்றே முக்காலுக்கு நாலாம் நம்பர் எரிந்துவிட்டது.

முதலில் வார்னிஷ் தீயும் வாடை, பிறகு புகை. அக்கா ஓடிப்போய் சிவப்பு பட்டனை அடித்தார். ஏற்றத்தில் நின்ற பெல்ட்டிலிருந்து உப்பு சரிந்து அவர் காலில் கொட்டியது. மாற்று மோட்டார் இல்லை. மூன்று மணிக்கு மழை தூறியது, வெளியே மீதிக் குவியல் நனைந்தது.

எல்லாரும் தார்ப்பாய் தேடி ஓடியபோது நான் மோட்டாரிலிருந்து அலங்காரத்தை அகற்றினேன். விரலில் கொப்புளம். பிறகு பேனலைத் துடைத்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

ரீவைண்டிங் கடை பேச்சிமுத்து அண்ணாச்சி மோட்டாரைப் பிரித்துக் காட்டினார். உள்ளே சுருள் எல்லாம் ஒரே மாதிரி கருகியிருந்தது. ஒரு நாளில் வெந்ததில்லை, பல நாளாக அதிகம் இழுத்து வெந்திருக்கிறது என்றார். அப்படியானால் ரிலே ஏன் நிறுத்தவில்லை என்று திரவியம் சார் பேனலைத் திறந்தார். வட்டம் ஏழரையில் இருந்தது. ரிலேயைச் சோதித்தார். ரிலே நன்றாக இருந்தது.

ரிலே சரி, என் தாளில் சூடும் சரி. அவர்கள் கணக்கில் மிச்சம் ஒரே காரணம்தான். டிரிப் ஆகி நிற்காமல் இருக்க, ஸ்டார்ட்டரின் தொடுமுனையைக் குச்சி வைத்து அமுக்கிவிடுகிற பழக்கம் பழைய ஆபரேட்டர்களுக்கு உண்டு. ரிலே என்ன கத்தினாலும் மோட்டார் ஓடும். அக்கா உப்புச் சுரண்டும் மூங்கில் குச்சி ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே கிடந்தது. அது எப்போதும் அங்கேதான் கிடக்கும்.

மேனேஜர் அறையில் அக்கா "நான் வைக்கல சார்" என்று இரண்டு தடவை சொன்னார். சூடாக இருக்கிறது என்று முன்பே சொன்னதாகவும் சொன்னார். மேனேஜர் என் தாள்களை அவர் பக்கம் திருப்பி வைத்தார். 58, 57, 59. அக்கா ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்பது போல.

என் கையில் இருந்த ஹெல்மெட்டின் பின்பக்கம் ஒரு கீறல் இருக்கிறது. இதுவரை கவனித்ததில்லை.

விசாரணை முடியும் வரை அக்காவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். நிரந்தரப் பட்டியலில் அவர் பெயரை மேனேஜர் பேனாவால் அடித்ததை நான் நின்ற இடத்திலிருந்து பார்க்க முடிந்தது.

அக்டோபர் 14, செவ்வாய்

பலகையில் அந்த 5 இன்னும் இருக்கிறது. யாரோ அழிப்பார்கள் என்று பார்த்தேன்.

அக்டோபர் 15, புதன்

அக்கா வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன்.

அவர் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், எனக்கு நாற்காலி போட்டுவிட்டு உள்ளே போனாள். உடைந்த முறுக்கையெல்லாம் ஒரு தட்டில் போட்டு அக்கா என் பக்கம் தள்ளினார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"நானும் யோசிச்சுப் பாத்தேன் தம்பி. குச்சி நான் வைக்கல, அது சாமி சத்தியம். ஆனா சூடுன்னு சொன்னேம்லா, நீ கருவி வச்சு எழுதுனது அம்பத்தெட்டுதான? அப்ப என் கைதான் பொய் சொல்லிருக்கு. மழைக்குப் பயந்து உப்பை நான்தான் கூடத் தள்ளிட்டேன் போல. உன் மோட்டாரை எரிச்சு உனக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன். மன்னிச்சுக்கோ, என்ன."

பதினோரு வருஷம் மோட்டாரைத் தொட்டுப் பார்த்த கை. அதை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நான்கு முறுக்குத் தின்றேன். பரவாயில்லக்கா என்றேன். மன்னித்துவிட்டு வந்திருக்கிறேன்.

பதினொன்றாம் தேதி "பேனலைத் துடைத்தேன்" என்று எழுதியிருக்கிறேன். துடைக்கவில்லை. புகை அடங்கும் முன்பே போய் வட்டத்தைப் பத்திலிருந்து ஏழரைக்குத் திருப்பினேன். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. இதிலேயே எனக்குத் துடைத்தேன் என்றுதான் எழுத வந்திருக்கிறது.

அந்தத் தங்கத் தாள் என் சாப்பாட்டுப் பையில் இருக்கிறது. விசிறி மூடியின் துளைகள் அதில் அச்சாகப் பதிந்திருக்கின்றன. மோட்டார் மூச்சுக்காக இழுத்துப் பார்த்த தடம்.

அக்டோபர் 16, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலை பத்து மணி. திரவியம் சாரின் அறைக்குள் நிமிர்ந்து நடந்தேன். கால் நடுங்கவில்லை, குரலும் நடுங்கவில்லை. "சார், அக்கா மேல் தப்பில்லை. மோட்டாரின் மூச்சை அடைத்தது நான், ரிலேயைத் திருப்பியது நான், தாளில் பொய் எழுதியது நான்" என்று அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். அறை அமைதியானது. அவர் எழுந்து என் தோளில் கை வைத்து, தப்பை ஒத்துக்கொள்ளத் தைரியம் வேண்டும் என்றார். வெளியே வந்தபோது நெஞ்சில் பெரிய பாரம் இறங்கியிருந்தது.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

பக்கத்து வீட்டுப் பையன்கள் வெடி போடக் கூப்பிட்டார்கள். விரலில் கொப்புளம் என்றேன். கொப்புளம் ஆறிவிட்டது.

அக்டோபர் 25, சனி

இந்த மாதம் 16-ஆம் தேதிப் பதிவில் காணப்படும் பிழைகளுக்கு அமைச்சகம் வருந்துகிறது. திருத்திப் படிக்கவும்.

"நிமிர்ந்து நடந்தேன்" என்பதை, கதவுக்கு வெளியே தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடித் திறந்து மூடி அரைமணி நேரம் நின்றேன் என்று படிக்கவும். சார் வெளியே வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். பேனா என்றேன். கொடுத்தார்.

அந்தப் பேனாவை வைத்து, பேனலுக்குப் பின்னால் உட்கார்ந்து, பழைய தாள்களை ஒவ்வொன்றாகத் திருத்தினேன். 58-ஐ அடித்துவிட்டு "பார்க்கவில்லை". 57-ஐ அடித்துவிட்டு "பார்க்கவில்லை". எட்டாம் தேதிக்கு "அக்கா சூடு என்றார், பார்க்கவில்லை". கடைசித் தாளில் ஏழரை, பத்து, மறுபடி ஏழரை, யார் திருப்பியது என்று எழுதினேன். சார் சாப்பிடப் போன நேரத்தில் எல்லாவற்றையும், மேலே தங்கத் தாளையும், அவர் மேசையில் வைத்துவிட்டு ஓடிப்போய்ச் சாக்கு அடுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கண்ணைப் பார்த்துச் சொன்னேன் என்று எழுதியது அவர் மேசைக்கண்ணாடியைத்தான்.

ஒரு மணிநேரம் கழித்துக் கண்டுபிடித்தார். தோளில் கை வைக்கவில்லை. தங்கத் தாளை நீட்டி, "இதை உன் மூஞ்சில ஒட்டிட்டு ரெண்டு நிமிசம் மூச்சு விடுலே, பாப்போம்" என்றார். அப்போது நான் அழுதேன். தைரியம் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. என் தாள்களின் அடியில் தினமும் போட்டிருந்த தன் கையெழுத்துகளை வெகுநேரம் பார்த்தார். "நானும்தான் பாக்கல" என்றார். பிறகு அவரேதான் மேனேஜரிடம் போனார். நான் பின்னால் நடந்தேன், அவ்வளவுதான்.

எனக்குப் பயிற்சி ஆறு மாதம் நீட்டிப்பு. அக்காவைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆனால் பட்டியல் தலைமை அலுவலகத்துக்கு ஏற்கெனவே போய்விட்டது, அவர் பெயர் இல்லாமல். அடுத்த பட்டியல் பொங்கலுக்கு. வரலாம் என்கிறார்கள். வரும் என்று யாரும் சொல்லவில்லை.

பாரம் இறங்கியது என்றும் எழுதியிருந்தேன். அதையும் அடித்துவிடவும்.

அக்கா புதன்கிழமை வந்தார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பொரிகடலை டப்பா மூடியே இருந்தது. இன்று காலை புது மோட்டாருக்குப் பக்கத்தில் உப்புச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

"எக்கா" என்றேன்.

"அன்னைக்கு உன்கிட்ட மன்னிப்பு கேட்டேம்லா. அதைத் திருப்பிக் குடு."

மன்னிச்சிருங்கக்கா என்றேன். "அது உன்னோடது, நான் குடுத்தது இல்ல" என்றார். சரி, வேலையைப் பார் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடையதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

பத்தே காலுக்கு நாலாம் நம்பர் டிரிப் ஆனது. ஈர உப்பு அதிகம். லாரிக்காரர்கள் கத்தினார்கள். மேனேஜர் ஜன்னலில் தெரிந்தார். நான் பேனலைத் திறக்கவில்லை. அக்காவும் நானும் மண்வெட்டி எடுத்து, பெல்ட்டில் இருந்ததைப் பாதியாகக் குறைத்தோம். மோட்டார் ஆறும் வரை பக்கத்தில் நின்றோம். அக்கா புறங்கையை வைத்துப் பார்த்தார். கையை எடுத்துவிட்டு எனக்கு இடம் விட்டு நகர்ந்தார். நானும் வைத்துப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது. துப்பாக்கி 61 என்றது. 61 என்று எழுதினேன். தாளில் நான் பார்த்து எழுதிய முதல் எண்.

பிறகு கரும்பலகைக்குப் போய் அந்த 5-ஐ நானே அழித்தேன். டிரிப் இல்லாத நாட்கள்: 0. அந்த ஐந்து நாளும் நான் மோட்டாரைக் காப்பாற்றவில்லை, அது உதவிக்குக் கூப்பிடுவதை நிறுத்திவைத்திருந்தேன். ஆகவே அப்போதும் பூஜ்யம்தான்.